பதிவேட்டைக் காப்பவர்கள்

மனிதவளப் பிரிவுகளில் வேலை செய்யும் இளையவர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. சேர்ந்த அன்று செய்த வேலையையே பத்து, பதினைந்து வருடங்களின் பின்னரும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அது. வரவுப் பதிவு, விடுமுறைக் கணக்கு, நியமனக் கடிதம், சேமலாப நிதிப் படிவம். பதவியின் பெயர் மட்டும் ஒன்றிரண்டு தடவை மாறியிருக்கும். முகாமையாளர் பதவி வெற்றிடமானால் வெளியிலிருந்து ஒருவர் வந்து அமர்வார். அவருக்கு வேலை பழக்கிக் கொடுக்கும் கடமையும் இவர்களுடையதாகிவிடும்.

அவர்களில் ஒருவர் என் நண்பரின் தங்கை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினான்கு வருட சேவை. "எல்லாற்ற பைலும் என்ர கையிலதான் இருக்கு அண்ணை. என்ர பைலைத்தான் ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது அவருடைய திறமைக் குறைவால் வந்த நிலை என்று நான் கருதவில்லை. நமது தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பெயரையும் வேலை நாளையும் சுமந்த பெரும் பதிவேடு தோட்டத்துச் செக்ரோல். அதனைக் காத்தவர் காரியாலயக் கிளாக்கர். எந்த லயத்தில் யார், எவருக்கு எவ்வளவு சம்பளம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆயினும் அவருடைய உயர்வு பெரிய கிளாக்கர் பதவியோடு நின்றது. வெள்ளையர் காலத்தில் கப்பலால் வந்திறங்கிய இளைஞனோ 'கிறீப்பர்' என்ற பயிலுநனாகச் சேர்ந்து, சின்னத்துரையாகி, பின்னர் பெரியதுரையானான். ஒரே தோட்டத்தில் இரண்டு ஏணிகள் சாத்தப்பட்டிருந்தன.

இன்றைய நிறுவனங்களிலும் அவ்விரண்டு ஏணிகள் உள்ளன. அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் மனிதவளத் துறைக்கு நான்கு பொறுப்புகளை வகுத்தார்: உபாயப் பங்காளி, மாற்றத்தின் முகவர், நிர்வாக நிபுணர், ஊழியரின் சார்பாளர். நான்கும் ஒருங்கே வேண்டும் என்றே அவர் வாதிட்டார். நிறுவனங்கள் பலவோ முதலாவதை மேல்மாடிக்கும் மூன்றாவதைக் கீழ்மாடிக்கும் அனுப்பிவிட்டன.

கீழ்மாடி வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் உரிய காலத்தில் சேமலாப நிதிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒருவரும் பாராட்டுவதில்லை. ஒரு மாதம் தவறினால் எல்லோரும் தேடி வருவர். "நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பிரிவே நின்றுவிடும்" என்ற புகழுரையும் ஆபத்தானது. அப்படிப்பட்டவரை அவ்விடத்திலிருந்து அசைக்க எந்த மேலதிகாரிக்கும் மனம் வராது. மும்மொழியும் தெரிந்த தமிழராக இருந்தால் மொழிபெயர்ப்பும் தலையில் விழும். தீர்மானம் எடுக்கும் கூட்டத்துக்கு அவரை அழைக்கமாட்டார்கள். எடுத்த தீர்மானத்தைத் தமிழில் எழுதித் தர அழைப்பார்கள்.

பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்து ஆசிரிய பீடத்துக்குச் சென்றவர்களை நான் அறிவேன். முன்னரைவிடக் கவனமாகப் பிழை திருத்தியதற்காக எவரும் அவர்களை அங்கே அழைத்துச் செல்லவில்லை. ஒருவரும் கேட்காமலே கட்டுரை எழுதி ஆசிரியரின் மேசையில் வைத்தார்கள்.

தங்கையிடமும் அதையே சொன்னேன். நீர் நிர்வாகத்துக்கு அனுப்புவதெல்லாம் பட்டியல். சென்ற வருடம் விலகியவர்கள் எந்தப் பிரிவினர், எந்த மேற்பார்வையாளரின் கீழ் இருந்தவர்கள், எத்தனை மாதத்தில் போனார்கள், புதியவர்களை எடுக்கச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் உம்முடைய கோப்புகளில் கிடக்கிறது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருட சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். வரும் ஐந்து வருடங்களில் அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணித்துச் சொல்லக்கூடியவரும் நீர்தான். அவற்றிலிருந்து ஒரு முடிவைச் சொல்லும் என்றேன்.

இரண்டு பக்க அறிக்கையொன்றை எழுதிக் கொடுத்தார். நிறுவனம் நன்றி கூறிற்று, பதவி கொடுக்கவில்லை. சில மாதங்களின் பின்னர் வேறொரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில், இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, கடமைகளை ஒப்புவிக்காமல், ஆட்கள் ஏன் விலகுகிறார்கள் என்று பேசினார். இப்போது அங்கே வேலை. சம்பளம் சற்றுக் குறைவு. ஆனால் கூட்டத்தில் அவருக்கும் ஒரு கதிரை இருக்கிறது.

பதிவேட்டைக் காப்பது தாழ்ந்த தொழில் என்று எவரும் எண்ணவேண்டாம். ஒரு தொழிலாளி ஓய்வுபெறும் நாளில் கைக்கு வரும் பணம் அந்த ஒழுங்கில்தான் தங்கியுள்ளது. அதிலே நிறைவு காண்பவர்கள் அங்கேயே இருக்கலாம். மேலே செல்ல விரும்புகிறவர்கள், தாம் நிற்கும் ஏணி எங்கே போய் முடிகிறது என்பதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. அதனை நாற்பது வயதுக்கு முன்னர் செய்தால் இன்னும் நல்லது.