உறைக்குள் உழைக்கும் கை

வியன்னா நகரிலே 1847-ஆம் ஆண்டு கொல்லெட்ச்கா என்னும் மருத்துவப் பேராசிரியர் மாண்டார். பிணத்தை அறுத்து ஆராய்கையில் மாணவனின் கத்தி அவர் விரலைக் கீறிற்று; அவ்வளவே! விதி என்று விட்டுவிடவில்லை நண்பர் செம்மல்வைஸ். பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொன்ற காய்ச்சலும் இதுவும் ஒன்றே எனக் கண்டார். கை கழுவுக என்றார். ஏற்றதா மேதையர் கூட்டம்? எள்ளி நகையாடிற்று!

கையுறை பிறந்த கதை வேறு. 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகளைக் கிருமிகொல்லும் பாதரசக் கரைசல் புண்ணாக்கிற்று. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் மெல்லிய உறைகள் செய்வித்தார். (பின்னர் அவரையே மணந்தார், கவிஞர்கள் பாடிக்கொள்ளட்டும்!) நோயாளியைக் காக்கவன்று, உழைக்கும் பெண்ணொருத்தியின் தோலைக் காக்கவே உறை வந்தது. அனைவரும் அதனை அணிந்தபின் குடலிறக்க அறுவையில் புண் சீழ்ப்பிடிப்பது குறைந்ததை 1899-இல் பிளட்குட் கணக்கோடு காட்டினார்.

நம் தமக்கையும் அறுவைக்கூடச் செவிலியே. சென்ற ஆண்டு தையல் ஊசி அவர் இடக்கைச் சுட்டுவிரலில் உறையைத் துளைத்து ஏறிற்று. சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவினார், பதிவேட்டில் எழுதுவித்தார், அன்றே எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கினார். 72 மணி நேரம் கடந்தால் அம்மருந்தால் பயனில்லை. 28 நாள் உண்ணவேண்டும். ஹெப்படைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி முன்பே போட்டிருந்தார். போடாதவரை அந்நோயுள்ளவர் குருதி தோய்ந்த ஊசி குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அதற்கு இரையாகக் கூடும். அன்னையோ குலதெய்வத்துக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

சோதனை முடிவு நலமாகவே வந்தது. "பார்த்தாயா என் தேங்காயை!" என்றார் அன்னை. எச்.ஐ.வி. உள்ளவர் குருதி தோய்ந்த ஊசி குத்தினாலும் ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பேருக்கே தொற்றும். எனவே ஒருவர் தப்பியது தேங்காய்க்கும் சான்றன்று, மருந்துக்கும் சான்றன்று. பலரை எண்ணிப் பார்த்த கணக்கே சான்று என்றோம். அன்னை இன்னும் ஒப்பவில்லை.

அந்தக் கணக்கு இன்னொன்றும் கூறுகிறது: இரண்டு உறை அணிக! வெளியுறை துளைபட்டாலும் உள்ளுறை பெரும்பாலும் தப்பும். விரலுணர்ச்சி மங்குமென மறுப்போர் உளர். பழகினால் அக்குறை பெரிதாகத் தோன்றாது. கத்தியைக் கைக்குக் கை தராமல் தட்டில் வைத்து எடுப்பதும் நன்று.

தமக்கை இரண்டாம் உறை கேட்டார். செலவு என்றது நிருவாகம். மூன்று மனுக்களுக்குப் பின் உறை வந்தது. ஊசி கிடக்கும் குப்பையை அள்ளும் துப்புரவுத் தொழிலாளிக்குத் தடித்த உறை இன்னும் வரவில்லை. நான்காம் மனுவை நாமே எழுதித் தந்திருக்கிறோம்.