"கூட்டாளி விலை" யார் கையிலிருந்து போகுது?

புக்கிட் பெருவாங்கிலிருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தப்போ பல வீடுகளில் வருமானம் நின்னு போச்சு. அதுக்கப்புறம் நம்ம பெண்கள் நிறைய பேர் கைவேலையைக் கையில் எடுத்தாங்க. ஆரத்தித் தட்டு, பட்டு நூல் வளையல், சீர்த்தட்டு அலங்காரம், வாசல் தோரணம்... ஆயர் குரோ, பத்து பெரண்டாம், செங்னு நம்ம பக்கத்து அக்கா தங்கச்சிங்க இன்னிக்கும் செய்றாங்க. கடை வாடகை கிடையாது. புலனம், முகநூல்தான் கடை. முதல் வாடிக்கையாளர் எப்பவும் கூட்டாளிங்கதான்.

சிக்கலும் அங்கதான் தொடங்குது. "நமக்குள்ள என்ன, கூட்டாளி விலை போடும்மா!"

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஆரத்தித் தட்டுக்குப் பொருள் மட்டும் 20 வெள்ளின்னு வச்சுக்குங்க. வேலை 3 மணி நேரம். 2025 பிப்ரவரியிலிருந்து நம்ம நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்த அளவுகோல்படி கூலி மட்டும் 26 வெள்ளி 16 காசு. ஆக அடக்கமே 46 வெள்ளி 16 காசு. அவங்க 45 சொன்னா அதுவே அடக்கத்துக்கும் கீழதான். நாம "35-க்குக் கொடு"ன்னு கேட்டா, பசைக்காரனும் மணிக்காரனும் பத்து வெள்ளியை விட்டுத்தர மாட்டாங்க. அது அவங்க கூலியிலிருந்துதான் போகும். மணிக்கு 5 வெள்ளிக்கு உட்கார்ந்து வேலை செஞ்ச மாதிரி ஆயிடும்.

அடுத்தது கடன். தோட்டத்துக் காலத்தில் மளிகைக் கடையில் 555 நோட்டு இருக்கும். வாங்கினதை எழுதுவாங்க, சம்பளம் போட்டதும் அடைப்பாங்க. இன்னிக்குப் பொருள் கைக்கு வந்ததும் படம் எடுத்துப் போட்டு "சூப்பர்டி"ன்னு எழுதுறோம். பணம் மட்டும் "அடுத்த வாரம் தரேன்". கூட்டாளின்றதால அவங்களுக்கு ரெண்டாவது தடவை கேட்க வாய் வராது. நாமளே பார்த்து அன்னிக்கே அனுப்பிடணும்.

கோயில் தொண்டு செய்றவன்ற முறையில இன்னொண்ணும் சொல்லணும். "கோயிலுக்குத்தானே, சும்மா செஞ்சு கொடும்மா"ன்னு கேட்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கு. தொண்டுன்றது அவங்கவங்க மனசார முன்வந்து கொடுக்கிறது. இன்னொருத்தர் உழைப்பை நாம கேட்டு வாங்கி அதைத் தொண்டுன்னு சொல்லக்கூடாது. மேளக்காரருக்கும் பூக்கடைக்கும் பணம் கொடுக்கிறோம். தோரணம் கட்டுற தங்கச்சிக்கு மட்டும் ஏன் புண்ணியத்தில் கூலி? அவங்களா "நான் தரேன்"னு சொன்னா, இரு கையால வாங்கிக்குவோம்.

விற்கிறவங்களுக்கும் சில வார்த்தை.

"விலைக்கு பிஎம் பண்ணுங்க"ன்னு போடாதீங்க. மின்வணிக விதிமுறைப்படி, அனுப்பும் செலவு உட்பட முழு விலையையும் வெளிப்படையா காட்டணும். விலை எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சா பேரமும் குறையும்.

தொழில் தொடங்கின 30 நாளுக்குள்ள எஸ்எஸ்எம்-இல் பதிவு பண்ணுங்க. 1956 வணிகப் பதிவுச் சட்டத்தில் கைவினைத் தொழிலும் அடங்கும். சொந்தப் பேரில் வருசத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வச்சா 60. நாளைக்கு தெக்குன் ஸ்புமி கடனுக்குப் போறதா இருந்தாலும் இந்தப் பதிவு கைகொடுக்கும்.

பாதிப் பணம் முன்கூட்டி வாங்குங்க. கூட்டாளியா இருந்தாலும் இதே விதிதான். வாங்காதவங்க மேல கோபப்படாதீங்க, எல்லார் வீட்டிலும் செலவு இருக்கு. அவங்களைக் குழுவில் பேர் போட்டு இழுக்காதீங்க.

வாங்க முடியாதவங்க "இப்போ முடியல"ன்னு நேரா சொல்லிடுங்க. "பார்க்கிறேன்"னு சொல்லி ரெண்டு வாரம் காக்க வைக்கிறதைவிட அது நல்லது. அந்தப் படத்தை உங்க ஸ்டேட்டஸ்ல ஒரு நாள் போட்டாலே பெரிய உதவி.

கூட்டாளிக்கு விலை குறைக்கச் சொல்றது சுலபம். கூட்டாளின்றதாலேயே முழு விலை கொடுத்துப் பாருங்க. அடுத்த தட்டுக்கு மணி வாங்க அவங்க கையில காசு இருக்கும்.

நம்ம பக்கத்தில் கைவேலை செய்றவங்க இருந்தா, என்ன செய்றீங்க, விலை என்னன்னு கீழே எழுதுங்க. வேணும்ன்றவங்க பார்த்துக்கட்டும்.