பாலையூற்றில் ஓர் இரவு

பாலையூற்றுக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வரும் நெடுஞ்சாலை திருகோணமலை நகரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர். பெயரிலேயே பாலை மரமும் நீரூற்றும் சேர்ந்திருக்கின்றன. என் ராத்தா வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் அது.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை விடுமுறையில், மச்சானின் பழைய டொல்பின் வேனில் அங்கே போனோம். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மெத்தை, சட்டி பானை, கேஸ் அடுப்பு, சிறிய சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டோம். கடைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். ஹலாலான உணவு தேடி அலையவும் வேண்டாம் அல்லவா? கந்தளாய்க் குளத்தருகே நிறுத்தித் தேநீர் போட்டுக் குடித்தோம். பிறகு இடம் போதவில்லையென்று, ரெகுலேட்டரைக் கூடக் கழற்றாமல் சிலிண்டரைப் படுக்க வைத்து, மேலே பாயை விரித்துவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

மஃரிப் தொழுகைக்குப் பின் பாலையூற்றை அடைந்தோம். ராத்தா வீடு சிறியது. நானும் பிள்ளைகளும், நுளம்புக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேனிலேயே உறங்குவதாக ஏற்பாடு. தலையணையோடு வந்த ராத்தா கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன புள்ள, கேஸ் மணக்குது!"

"எங்களுக்கு ஒண்டும் மணக்கல்லயே ராத்தா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நாற்றத்திலேயே இருந்தால் மூக்கு அதற்குப் பழகிப் போய்விடும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அது தெரியும்.

மச்சான் வேனின் உள்விளக்கைப் போடக் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று ராத்தா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் நடுங்கிவிட்டார்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் பல வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து ராத்தா இந்த விஷயத்தில் மிகவும் கவனமானவர்.

சமையல் கேஸுக்கு இயல்பாக மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றமுள்ள மருந்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே, ஒரு சுவிட்சின் பொறி போதும். எங்கள் பிள்ளைகள் படுக்கவிருந்ததும் அந்தத் தரையில்தான்!

கதவுகளையெல்லாம் திறந்தோம். மச்சான் சிலிண்டரை மூடி, முற்றத்துக்குத் தூக்கி வந்து நிமிர்த்தி வைத்தார். அன்றிரவு எல்லோரும் ராத்தா வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்தோம்.

காலையில் திறந்த முற்றத்தில் அடுப்பை மூடி வைத்து, சிலிண்டரை மட்டும் திறந்து, ராத்தா சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். ரெகுலேட்டரில் குழாய் சேருமிடத்தில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதை இறுக்கும் கிளிப்பும் தளர்ந்திருந்தது. நுனியை வெட்டிவிட்டு மாட்டலாம் என்றார் மச்சான். ராத்தா விடவில்லை. டவுனில் புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கிப் பூட்டி, மறுபடியும் நுரை தடவி, குமிழி இல்லையென்று கண்ட பிறகே தேநீர் வைத்தார்.

அன்று மாலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. பிள்ளைகள் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு கூத்தாடினார்கள். "இது அல்லாஹ் மூட்டிய அடுப்பு. இதுக்குக் குழாயும் வேணாம், கிளிப்பும் வேணாம்" என்று ராத்தா சிரித்தார். எனக்கோ அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது.

சகோதரிகளே! பிரயாணத்துக்கு முன் உங்கள் அடுப்பின் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவைத் தேடாதீர்கள். வாகனம் ஓடும்போது சிலிண்டர் மூடியபடி, ரெகுலேட்டர் கழற்றியபடி, நிமிர்ந்து நிற்கட்டும். சமையலை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய வேனுக்குள் அடுப்பெரித்தால் உண்டாகும் நச்சுவாயுவுக்கு நாற்றமே கிடையாது. அதை எந்த ராத்தாவாலும் கண்டுபிடிக்க முடியாது. உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சிலிண்டரையும் மூடிவிட்டு உறங்குவோம்.