சுண்டுவிரற் கோள்

எம் பாட்டனார் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் எம் இல்லத்து மொட்டைமாடியில், மாலைதோறும் எம்மை அருகிருத்தி, விரல்களைக் கொண்டே வானநூலின் முதற்பாடத்தைப் புகட்டினார். வலக்கைப் பெருவிரல் ஞாயிறு. அடுத்த விரல் புதன். அவ்வாறே எண்ணிச் செல்ல, இடக்கைச் சுண்டுவிரல் புளூட்டோ. பத்து விரலும் நிரம்பும்.

யாம் பள்ளியிற் சேர்ந்து சில ஆண்டுகள் சென்றபின், விருந்தினர் பலர் கூடியிருந்த ஒருநாள், அவர் அங்ஙனமே எண்ணிக் காட்டக் கண்டு, "தவறு, தாத்தா! கோள்கள் எட்டுத்தான்" என்று உரக்கக் கூறினோம். அனைவரும் நகைத்தனர். அவர் சினந்திலர். தம் சுண்டுவிரலைச் சற்றே நோக்கி, "அப்படியா, தம்பி?" என்று அதனை மடக்கிக்கொண்டார். அதன்பின் அப்பாடத்தை அவர் எவர்க்கும் எடுத்திலர்.

நிற்க. யாம் கூறியது பொய்யன்று. 1930-இல் அமெரிக்க நாட்டுக் கிளைடு டாம்பா என்பார் கண்ட புளூட்டோ, 76 ஆண்டுகள் கோள் எனப்பட்டது. 2006 ஆகஸ்டு 24-ஆம் நாள் பிராகு நகரிற் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியத்தார், ஞாயிற்றைச் சுற்றுதல், உருண்டை வடிவுறுதல், தன் சுற்றுவழியிற் பிறவற்றை அகற்றித் தனித்தியங்குதல் எனக் கோளுக்கு மூன்று இலக்கணம் வகுத்தனர். மூன்றாவது பொருந்தாமையின், புளூட்டோ குறுங்கோளாயிற்று. பலர் வருந்தினர். டாம்பா நெடுநாள் வாழ்ந்த நியூ மெக்சிகோ மாநிலத்தின் சட்டமன்றக் கீழவை, தம் வானத்தில் வருங்கால் அது கோளே என 2007-இல் தீர்மானித்தது.

இத்துணைப் பற்று எற்றுக்கு? வெறுங்கண்ணால் அதனை எவரும் கண்டிலர். பட்டியலினின்று நீங்கியதும் அஃதொன்றேயன்று. 1801-இற் கண்ட சீரிசு பல்லாண்டு கோளெனவே எண்ணப்பட்டுப் பின்னர்ச் சிறுகோளாயிற்று. நம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் 1861-இற் போக்சன் என்பார் ஒன்றைக் கண்டு 'ஆசியா' எனப் பெயரிட்டார். அது சிறுகோள் வரிசையில் 67-ஆம் எண்ணாயிற்று. நம் ஊரிற் கண்ட ஆசியா கோளாகாமைக்கு நம்முள் ஒருவரேனும் வருந்தியதுண்டோ? இல்லை. அதனை எந்தப் பாட்டனாரும் நமக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினாரல்லர்.

ஆகலின், மக்கள் பற்றுவைப்பது தொலைவிற் சுழலும் அப்பனியுருண்டைமீதன்று. அதனைச் சொல்லித்தந்த கையின்மீதே. வகுப்பு மாறுங்கால், அக்கை நம்மை ஏய்த்ததோ என நெஞ்சம் நோகின்றது. பழைய வழக்கு நீங்கிப் புதியது புகுதல் குற்றமன்றென நன்னூல் கூறுவதை வகுப்பிற் கற்ற அன்று, பாட்டனார் நினைவே எமக்கு வந்தது. புதியது குற்றமன்றெனின், அவர் கற்ற நாளில் மெய்யாயிருந்த பழையதும் குற்றமன்றே! இதனை அவரிடம் கூற, இன்று அவர் இல்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், சிற்றப்பாவின் இளைய மகளுக்கு அப்பாடத்தைக் கற்பித்தோம். எட்டுக் கோள்களை எண்ணி முடித்தபின் சுண்டுவிரலை யாம் மடக்கவில்லை. "இது புளூட்டோ. முன்பு கோள் என்றனர். இன்று குறுங்கோள் என்பர். இவ்வெண்ணிக்கையைச் சொல்லித்தந்தவர் நம் தாத்தா" என்றோம். குழந்தை தன் சுண்டுவிரலை நெடிது நோக்கிவிட்டு, ஞாயிற்றிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கிற்று.