எஞ்சியவர் எண்மர்

சென்ற ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று, திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள 8 லிங்கச் சந்நிதிகளில், சந்நிதிக்கு ஐவராக, 40 மாணவர் தண்ணீர் வழங்கி நின்றனர். அவர்களுக்கு உணவுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது.

யுகிஹிரோ மட்ஸுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி என்னும் கணினி மொழியில் 'ஹாஷ்' என்றோர் அமைப்பு உண்டு. அதில் ஒவ்வொரு திறவுக்கும் ஒரு மதிப்பு. மாணவர் பெயரைத் திறவாகவும் சந்நிதியை மதிப்பாகவும் அமைத்தேன். பின்னர்ச் சந்நிதிவாரியான பட்டியல் வேண்டி, இரண்டையும் இடம் மாற்றும் 'இன்வர்ட்' கட்டளையை இட்டேன். இந்திர லிங்கம் கிழக்கு, யம லிங்கம் தெற்கு என்று முன்னர்ச் சோதித்தபோது அது பழுதின்றி மாறிற்று. திசைக்கு ஒரு லிங்கமே அன்றோ! சந்நிதிக்கோ ஐவர். ஒரே திறவு மீண்டும் வருங்கால் ரூபி முந்தியதை நீக்கிப் பிந்தியதையே கொள்ளும், பிழையென்று உரைப்பதுமில்லை. எண்மரே எஞ்சினர். எண்ணிப் பாராது 8 பொட்டலங்களே அனுப்பினேன்.

ஒவ்வொரு பொட்டலத்தையும் ஐவர் பகிர்ந்துண்டனர் என்று மறுநாள் கேட்டு நாணினேன்.

அன்றிரவே 'குரூப் பை' கட்டளையால் சந்நிதிவாரியாகத் தொகுத்து, 'டிரான்ஸ்ஃபார்ம் வால்யூஸ்' கொண்டு ஒவ்வொரு தொகுதியையும் பெயர்ப் பட்டியலாக மாற்றினேன். நாற்பதின்மரும் மீண்டனர். இப்பொழுதெல்லாம், மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றியபின் ஒருமுறையும் எண்ணாமல் எந்தப் பட்டியலையும் யான் கைவிடுவதில்லை.