இரண்டாவது கியர்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாமாண்டு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தமிழ்த்துறைப் பேராசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, வேதியியல் மாணவர்கள் என்ன எழுதித் தருவார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அணுவின் ஆற்றலைப் பற்றி ஒருவன் எழுதுவான். வாழ்வில் வேதியியலின் பங்கு என்று இன்னொருவன் எழுதுவான். நான் எழுத வந்திருப்பது கியர் எண்ணெயைப் பற்றி. சிரிக்க நினைக்கும் நண்பர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எனக்கும் வேலை மிச்சம்.

மேட்டுப்பாளையத்தில், மலைச்சாலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. என் தந்தையார் அங்கே கியர் பாக்ஸ் பிரித்து மாட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை முதலில் மிதித்தவன் நான்தான். முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைப் பிடிக்கும்போது நகக்கண்ணில் இருந்த கிரீஸ் கறையை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று விரலை மடக்கிக்கொள்வேன். அதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று, அதற்குத்தான் வருகிறேன்.

முதலாண்டு டிசம்பர் விடுமுறையில் ஊட்டியிலிருந்து ஒரு சிவப்பு நிறக் கார் இறங்கி வந்தது. இரண்டே பேர் அமரக்கூடிய, கூரையைச் சுருட்டி வைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். கம்பெனிப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். உரிமையாளர் ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் மகன், இளைஞர். அவர் சொன்ன குறை இதுதான்: காலையில் வண்டி எடுத்து முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் விழமாட்டேன் என்கிறது, "கர்ர்" என்று பல் உரசுகிறது, சூடேறிய பிறகு சரியாகிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர்தானே உயிர்! அது விழாத வண்டியை வைத்துக்கொண்டு ஊட்டியில் எங்கே போவது?

என் தந்தையார் உடனே கியர் பாக்ஸைக் கழற்றவில்லை. என்ஜினை அணைக்கச் சொல்லி எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு விழுந்தன. பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போட்டார். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு மட்டும் சிங்க்ரோனைசர் இருக்காது. ஐந்து எண்ணிய பிறகும் ரிவர்ஸ் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்; கியர் பாக்ஸ் மேல் பழி போடக்கூடாது. அன்று உரசவில்லை.

அடுத்து நியூட்ரலில் வைத்துக் காது கொடுத்தார். கிளட்சிலிருந்து காலை எடுத்திருக்கும்போது கேட்கும் இரைச்சல், மிதித்ததும் நின்றுவிட்டால் அது பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங். மிதித்தால்தான் இரைச்சல் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் பல் முனை தேய்ந்திருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம், சில சமயம் என்ஜின் தாங்கும் ரப்பர் செத்துப்போனாலும் அப்படி ஆகும். எல்லாக் கியரும் முரண்டினால் கிளட்சையும் எண்ணெயையும் பார். ஒரே ஒரு கியர் முரண்டினால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங்கைப் பார். இவையெல்லாம் அவர் எனக்குப் பாடமாகச் சொன்னவை அல்ல. பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்து நின்று நான் பொறுக்கியவை.

எண்ணெயை இறக்குவதற்கு முன் அவர் மேலே ஊற்றும் பக்கத்துத் திருகைத்தான் முதலில் கழற்றுவார். கீழ்த் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் திருகு துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து வெயிலில் காட்டினார். சாம்பல் நிறப் பசை போல் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டியிருந்தது; அது இயல்பு. ஆனால் எண்ணெய்க்குள் தங்கத்தூள் போல மினுமினுப்பு. பித்தளை!

சிங்க்ரோ ரிங்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஓடும் பேருந்தில் ஏறுகிறவன் என்ன செய்கிறான்? முதலில் பேருந்தோடு சேர்ந்து அதே வேகத்தில் ஓடுகிறான். பிறகுதான் கம்பியைப் பிடிக்கிறான். அந்த ஓட்டத்தைத்தான் சிங்க்ரோ ரிங் செய்கிறது. பெரும்பாலும் பித்தளையால் ஆன இந்தக் கூம்பு வளையம் கியரின் கூம்பின் மேல் உரசி, இரண்டு வேகத்தையும் சமமாக்கிய பிறகே பற்களைக் கோக்க விடுகிறது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இது வருவதற்கு முன், ஓட்டுநரே கிளட்சை இருமுறை மிதித்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. அந்த "டபுள் கிளட்ச்" வித்தையை அறிந்த பழைய லாரி ஓட்டுநர்கள் எங்கள் பட்டறைக்கு இன்றும் தேநீர் குடிக்க வருவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது. சிங்க்ரோ ரிங்குக்கோ உராய்வு வேண்டும்! ரிங் அழுத்தும்போது இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் சட்டென்று பிதுங்கி வெளியேற வேண்டும். குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் வெளியேறாது, ரிங் வழுக்கும், வேகம் சமமாகாது, பல்லும் பல்லும் மோதும். ஊட்டியின் டிசம்பர் அதிகாலையில் நடந்தது இதுதான்.

"மெல்லிசா, நாலாம் நம்பர் ஆயில் ஊத்தலாங் கண்ணு. ரிங்கு கொஞ்சம் தேஞ்சிருக்குது, ஆனா இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்றார் தந்தையார். அவர் "நாலாம் நம்பர்" என்றது ஜி.எல்.-4 என்ற தரத்தை.

நான்தான் குறுக்கே பேசினேன். கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டின்னில் உள்ளதைப் படிக்கத் தெரிந்தவன் பட்டறையில் நான் ஒருவன்தான். ஜி.எல்.-5 என்று ஒன்று இருக்கும்போது ஜி.எல்.-4 எதற்கு? ஸ்போர்ட்ஸ் காருக்கு உயர்ந்ததல்லவா வேண்டும்? தேய்மானம் இருக்கிறதென்றால் கெட்டியான எண்ணெய்தானே பல்லைக் காக்கும்? 85டபிள்யூ-140, ஜி.எல்.-5 என்று எழுதிய டின்னை நானே தேர்ந்தெடுத்தேன். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே டின் போதும் என்ற சிக்கனம் வேறு.

தந்தையார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இந்த நாத்தம் பித்தளைக்கு ஆகாது சாமி. இது டிஃபரன்சுக்கு ஊத்தறது" என்றார்.

"இல்லீங்கப்பா, டின்னுலயே போட்டிருக்குது. அஞ்சுதான் ஒசத்தி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். முப்பது ஆண்டு முகர்ந்த மூக்கை ஒதுக்கிவிட்டு, ஆறு மாதம் படித்த பிள்ளையை நம்பினார். "படிச்ச பையன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று காரின் உரிமையாளரிடம் பெருமையோடு வேறு சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

நாலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குத் தேறுவது போல ஜி.எல்.-4 தேறி ஜி.எல்.-5 ஆவதில்லை, இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. பின் அச்சில் உள்ள ஹைப்பாய்டு பற்கள், 1926-இல் பாக்கார்டு கார்களில் புகழ்பெற்றவை, ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் கடுமையாகச் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்போடு இரும்பு பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலக்கிறார்கள். சூடான புள்ளியில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு படலமாகிறது. பல்லுக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்ந்து போகிறது. ஜி.எல்.-4இல் இந்தச் சேர்மங்கள் ஏறத்தாழ பாதியளவே இருக்கும். தந்தையார் முகர்ந்த நாற்றம் வேறெதுவுமில்லை, கந்தகம். அந்தக் கந்தகம் பித்தளையிலுள்ள செம்பைப் பார்த்தால் சும்மா விடுமா?

ஆறு வாரத்தில் சிவப்புக் கார் திரும்பி வந்தது. இப்போது மதிய வெயிலிலும் இரண்டாவது கியர் உரசியது. இறக்கத்தில் காலை எடுத்தால் கியர் தானே கழன்றது. பெட்டியைப் பிரித்தோம். ரிங்கின் உள்வரிகள் மழுங்கிக் கிடந்தன. பற்களின் கூர்முனைகள் உருண்டிருந்தன. கறாராகச் சொன்னால், ஆறு வாரத்தில் கந்தகம் பித்தளையைத் தின்றுவிடாது; அதற்குக் காலம் வேண்டும். அன்று கெடுத்தது பெரும்பாலும் எண்ணெயின் கனமும், விழாத கியரைத் தினமும் காலையில் வலுக்கட்டாயமாகத் தள்ளிய கையும்தான். ஆனால் அந்தக் கனத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

காரின் உரிமையாளர் என் முன்னாலேயே தந்தையாரைத் திட்டினார். "பையன் சொன்னான்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "என்ற தப்புத்தானுங்க" என்றார். நான் வாய் திறக்கவில்லை. ரிங்கும் கியரும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாதி விலையைத் தந்தையாரே ஏற்றார், கூலி வாங்கவில்லை. அந்த மாதம் அம்மா தன் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்.

அதன் பிறகுதான் நான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன். எஸ்.ஏ.இ. அட்டவணையில் 100 டிகிரி செல்சியஸில் 90 என்ற தரத்தின் பாகுநிலை 13.5 முதல் 18.5 வரை, 140 என்றால் 24க்கும் மேல். குளிர்ப் பக்கத்தில் 75டபிள்யூ எண்ணெய் −40 டிகிரியில் தாங்க வேண்டிய தேர்வை, 85டபிள்யூ −12 டிகிரியிலேயே எழுதிவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்தது: கியர் எண்ணெயின் 90, என்ஜின் எண்ணெயின் 40ஐவிட இருமடங்கு கெட்டியானதன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனம்தான். அளவுகோல் வேறு, அவ்வளவே.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக ஒரே எண்ணெயும் கிடையாது. ஜப்பானின் சுபாரு கார்களில் கியர் பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. அங்கே ஹைப்பாய்டு பல்லுக்காக ஜி.எல்.-5 கேட்கிறார்கள், சிங்க்ரோ அதைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைக்கிறார்கள். அமெரிக்கக் கார்வெட்டில் வந்த டி-56 என்ற ஆறு கியர்ப் பெட்டிக்கோ தானியங்கி கியர் பாக்ஸுக்கான மெல்லிய சிவப்பு எண்ணெய்தான். ஹோண்டாவோ கைக்கியர் பெட்டிக்கென்று தனி எண்ணெயே வைத்திருக்கிறது. வண்டியோடு வரும் கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் அன்று ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

இந்த ஆண்டு ஜூலையில், எங்கள் துறைப் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, மெருகேற்றிய இரண்டு செப்புத் தகடுகளை இரண்டு எண்ணெய்களில் அமிழ்த்தி 120 டிகிரி அடுப்பில் மூன்று மணி நேரம் வைத்தேன். எண்ணெய்த் தொழிலில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது. ஜி.எல்.-4இல் கிடந்த தகடு இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட போட்டபடியே வந்தது. மற்றதை இடுக்கியால் எடுத்தபோது மயில் கழுத்து நிறமும் கறுப்புமாக இருந்தது. ஆய்வுக்கூடம் முழுவதும் அதே நாற்றம். நண்பர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

இரண்டு தகடுகளையும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். தந்தையார் கறுத்த தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுக்கு மூணு மணி நேரம் ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் அன்று சொல்லாமல் விட்ட வார்த்தையை அப்போதுதான் சொன்னேன். "ரிங்கு ஏற்கெனவே தேஞ்சுதான் கண்ணு இருந்துச்சு" என்று எனக்காக ஒரு பொய்யில் பாதியும் உண்மையில் பாதியும் கலந்து சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தகடு இரண்டும் இப்போது பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகின்றன.

போன டிசம்பரில் அந்தச் சிவப்புக் கார் மறுபடியும் எண்ணெய் மாற்ற வந்தது. திட்டிய மனிதர்தான், ஆனால் வேறு பட்டறைக்குப் போகவில்லை. மேல் திருகை முதலில் கழற்றினேன். எண்ணெயைப் பீங்கான் தட்டில் பிடித்தேன், மினுமினுப்பு இல்லை. புது டின்னைக் கையில் எடுத்து, "75டபிள்யூ-90, ஜி.எல்.-4" என்று உரக்கப் படித்தேன். பிறகு மூடியைத் திறந்து தந்தையாரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் முகர்ந்தார்.

"ம்... ஊத்து" என்றார்.