கோளாறு எங்கே இருக்குது?

பழைய வீடியோ கேம்ஸ் பெட்டிக்குள் இருக்கிற மானிட்டரும் வீட்டு டி.வி.யும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். டி.வி.யில் ஸ்டேஷன் பிடிக்கிற ட்யூனர் இருக்கும், மானிட்டரில் இருக்காது. கேம் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் நேராக வந்து சேரும். மற்றபடி அதே பிக்சர் டியூப், அதே யோக் காயில்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது 1990களின் கடைசியில், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பாய் வைத்திருந்த கேம்ஸ் கடையில். சிப்காட்டில் ஷிப்ட் முடித்த பையன்கள் டோக்கன் வாங்கி ‘முஸ்தபா’ ஆடுவார்கள். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993இல் கொண்டுவந்த அந்த ஆட்டத்துக்கு வேறு பெயர். அதில் வருகிற நாலு வீரர்களில் ஒருவன் முஸ்தபா. நம்ம பையன்கள் ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். டோக்கன் போட்டவன் எந்தத் தெரு என்று பெட்டி கேட்டதில்லை. வள்ளூர் பக்கத்துச் சேரியிலிருந்து மீஞ்சூரில் ரயிலேறி வந்த என்னை பாயும் கேட்டதில்லை.

“படத்தப் பாத்து இன்னா கம்ப்ளைண்ட்டுன்னு சொல்லுடா. அப்புறமா பொட்டியத் தொற” என்பார். படம் சுருண்டு ஒரே படுக்கைக் கோடாக நின்றால் வெர்டிகல் ஐ.சி. போயிருக்கும், இல்லை அதன் காலில் டிரை சால்டர். முதலில் வெளிச்சத்தைக் குறைக்கணும், இல்லாவிட்டால் அந்தக் கோடு டியூபிலேயே எரிந்து பதிந்துவிடும். படத்தின் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்தால் பவர் சப்ளையில் கண்டென்சர் வறண்டுவிட்டது. மஞ்சளெல்லாம் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. அப்போது சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் இடம் மாற்றிப் போடு. சிவப்பு வந்து பச்சை காணாமல் போனால் கோளாறு கேம் போர்டில். மாற்றியும் சிவப்பே வரவில்லை என்றால் மானிட்டரில். தெரிகிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் ஒன்று. பாய் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கும். திருப்புளியை எர்த்தோடு சேர்த்து அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கணும். அது எந்தச் சாதிக் கையானாலும் ஒரே மாதிரிதான் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்திலேயே டி.வி. ரிப்பேருக்குப் போவேன். ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீடு. செட்டைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். வலது மூலையில் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியுதாம். திண்ணையில் போட்டுப் பார்த்தால் படம் சுத்தமாக இருந்தது. உள்ளே தூக்கிப்போனார்கள். மறுநாளே ஆள் வந்தது. மறுபடியும் திண்ணை, மறுபடியும் சுத்தமான படம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிறத்திட்டு காந்தத்தால் விழுவது. டியூபுக்குள், முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், பொடிப்பொடி ஓட்டை போட்ட இரும்புத் தகடு இருக்கிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் எலெக்ட்ரான் கதிர் விலகி வேறு நிறத்தில் போய் விழும். வெளியே கொண்டுவந்து செட்டைப் போடும்போது அதற்குள்ளேயே இருக்கிற டீகாசிங் காயில் தகட்டில் ஏறிய காந்தத்தை இறக்கிவிடும்.

“செட்டுல ஒண்ணுமில்லீங்கம்மா. கோளாறு ஊட்டுக்குள்ள கீது. வெச்சிருக்கிற எடத்த நான் பாக்கணும்” என்றேன்.

“அதெல்லாம் வாணாம். இன்னா பண்ணணும்னு சொல்லு, நாங்களே பண்ணிக்கிறோம்” என்றாள் அந்த வீட்டுக் கிழவி.

பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு நாள் திட்டோடு படம் பார்த்தார்கள். பிறகு மகன் வந்து, “உள்ளயே வந்து பாருய்யா” என்றான். போனேன். டி.வி.யை ஒட்டி ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ். நாலடி தள்ளி வைத்தேன், கையிலிருந்த காயிலைத் திரைமுன் சுற்றிக் காட்டினேன். அரைமணி வேலை. ஐம்பது ரூபாயை ஜன்னல் திட்டில் வைத்தார்கள், எடுத்துக்கொண்டேன். நான் வந்த பிறகு கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் தண்ணி ஓடியதை, அங்கே மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்த என் சித்தி வந்து சொன்னாள்.

கையில் ஒரு தொழில் இருந்தால் தீண்டாமை தானாகப் போய்விடும் என்று கூட்டங்களில் தோழர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். என் தொழில் என்னைக் கூடம் வரைக்கும் கொண்டுபோனது. கூடத்தைக் கழுவுகிற வாளியை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாய் கடையை மூடியபோது ஒரு பெட்டியை எனக்குக் கொடுத்தார். எங்கள் சேரியில் ஒரு கொட்டகையில் வைத்தேன், பிள்ளைகள் டோக்கன் இல்லாமலே ஆடினார்கள். பகலில் நன்றாக இருக்கிற படம் ஆறு மணிக்கு மேல் நாலு பக்கமும் சுருங்கும். “மாமா, முஸ்தபா குள்ளமாயிட்டான்” என்று கத்துவார்கள். மானிட்டரைத் திறக்கும் முன்னால் சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தேன். 230 இருக்க வேண்டிய இடத்தில் 155. ஊர்த்தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற கம்பியின் கடைசிக் கம்பம் எங்களுடையது. எங்கள் வாசலில் நின்றால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 1990களின் நடுவில் ஓடத் தொடங்கிய அந்த நிலையம் அப்போது 630 மெகாவாட்.

ஒரு மாதம், தினமும் ஏழு மணிக்கு வோல்டேஜை நோட்டில் எழுதினோம். பிள்ளைகளுக்கும் மீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். “வோல்டேஜ் கம்மியா கீது” என்று வாயால் சொன்னபோது சிரித்தவர்கள், முப்பது நாள் எண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்றாவது மனுவுக்கு, ஒன்றரை வருஷம் கழித்து, எங்களுக்கென்று டிரான்ஸ்பார்மர் வந்தது.

2006 செப்டம்பரிலிருந்து 2011 வரைக்கும் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. ஊரிலும் சேரியிலும் ஒரே 14 அங்குலப் பெட்டி, ஒரே கம்ப்ளைண்ட். ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கே ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். “உள்ள வாங்க, உக்காருங்க” என்பேன். சிலர் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்தார்கள். சிலர் வாசலிலேயே நின்றுகொண்டு செட்டை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்று அதே வோல்டேஜ் நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதிவந்தேன். நின்றவர்கள் பட்டியல்தான் நீளம்.